சும்மா நிற்கும் பட்டாளம்

மகள் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய அன்று அவளிடம் இரண்டு பைகளும் ஒரு மடிக்கணினியும் இருந்தன. தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கி லிந்துலைக்கு வரும் வரை ஆட்டோவில் அவள் பேசியது ஏழு வார்த்தை. வீட்டு வாசலுக்கு ஏறும் இருபத்திரண்டு படிகளில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்கு வயது முப்பத்து நான்கு. எழுபத்தொரு வயதுக்காரனான நான் எங்கும் நிற்காமல் இரண்டு பைகளோடும் ஏறிவிட்டு, மேலே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருடம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்திக்குத் திட்டம் போடும் வேலை பார்த்தாள். எத்தனை மெஷின், எத்தனை கை, எத்தனை மணிக்குள் எத்தனை சட்டை என்ற கணக்கு. கடைசி வருடத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வியாதி என்று எதுவும் இல்லை, ஆள் ஓய்ந்து போயிருக்கிறாள், ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. அதுதான் என்னை அரித்தது. மாத்திரைக்குக்கூட வேளைக்கு இத்தனை, இத்தனை நாளைக்கு என்று எழுதித் தருகிறார்களே.

நான் தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடம் கண்டாக்காக இருந்தவன். மலையில் நடக்கும் வேலைக்கெல்லாம் பொறுப்பு. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். இத்தனை பேர் ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்க, இத்தனை பேர் புல்லுவெட்ட, இத்தனை பேர் கான் என்னும் வடிகால் வெட்ட என்று பிரித்து அனுப்புவேன். களம் காலியாகும்போது அங்கே ஓர் ஆள்கூட மிச்சம் நிற்கக் கூடாது. நின்றால் அன்றைய நாள் எனக்குச் சரியாக விடியவில்லை என்று அர்த்தம். முப்பத்து மூன்று வருடம் இப்படிப் பார்த்த கண்ணுக்கு, பகல் பத்து மணிக்கு வாசலில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எப்படித் தெரிவாள்?

நாற்பத்தோராவது நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எல்லாவற்றுக்கும் பொறுப்பான டீமேக்கர் எனக்குத் தெரிந்தவர். கொழுந்து நிறையைக் கணினியில் பதிய அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என் மகள் வருவாள், அடுத்த மாதம் முதலாம் திகதி காலையில் வந்து நிற்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாம் திகதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரட்டுக் களத்தில் யாரிடம்தான் கேட்டேன்?

சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்து மறுநாள் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் மடிக்கணினியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். திரை முழுவதும் இருட்டாக இருந்தது. நடுவில் கையகலத்துக்குப் பச்சை. அதில் ஓர் ஆறு, இரண்டு மேடு, மாட்டு வண்டியோடு ஒரு கூட்டம்.

"என்னா பாப்பா இது?"

"ஒரு ராஜ்யம் கட்டணும்ப்பா. இவங்கதான் மொத ஆளுங்க. எங்க குடி வைக்கிறதுன்னு சொல்லுங்க."

ஆற்றோரம், ஆனால் மேட்டில் என்றேன். அவள் வைத்தாள். பக்கத்துக் கட்டங்களிலிருந்து இருட்டு விலகியது. வட்டவளையில் ரயில் வளைந்து ஏறும்போது பனி கலைந்து, இல்லாத ஒரு மலை திடீரென்று இருக்குமே, அப்படி. சொல்ல வந்ததை மறந்தேன்.

அந்த ஒரு ஆட்டம் எட்டு நாள் ஓடியது. முந்நூற்றுப் பதினெட்டு முறை. எல்லாருக்கும் வேலை சொல்லிப் பொத்தானை அழுத்தினால் ஒரு முறை முடியும்; அது ஆரம்பத்தில் நாற்பது வருடம், போகப்போக ஒரு வருடம். நாலாயிரம் வருடத்துக்கு முன் ஆற்றோரம் வைத்த குடிசைகள் நகரமாகி, பள்ளிக்கூடமும் நூலகமும் வந்து, கடைசியில் நான் போட்ட ரயில் பாதை மூன்று கடற்கரைகளைத் தொட்டது. முதல் இரண்டு நாள் மகள் சுட்டியைப் பிடித்தாள். மூன்றாம் நாளிலிருந்து அது என் கையில் இருந்தது. அவள் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தாள், சில நேரம் அப்படியே தூங்கினாள். மகளுக்கு வேலை சொல்லப் போனவர் உட்கார்ந்து ராஜ்யம் ஆளுகிறார் என்று என் மனைவி சமையலறையிலிருந்து மெதுவான குரலில் சொன்னாள். ஸ்டோரில் நான் சொல்லிவிட்டு வந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. வேலை கொடுக்கப்படாத ஓர் ஆள் எந்த மூலையில் நின்றாலும் அது அடுத்த முறைக்குப் போக விடாது. திரையை இழுத்துக்கொண்டு போய் அந்த ஆள் முன்னால் நிறுத்தும். இவருக்கு என்ன வேலை என்று கேட்கும். எங்கோ கண் காணாத தேசத்தில் உட்கார்ந்து இதை எழுதியவர்களுக்குப் பெரட்டைப் பற்றி யார் சொன்னது? நான் எல்லோருக்கும் வேலை கொடுத்தேன். காடு வெட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், பாதை போட்டார்கள். சண்டையும் வந்தது. அதையும் ஒரு வேலையாகவே செய்தோம். மேற்கே இருந்த அரசன் என் நகரம் ஒன்றின் மேல் வந்தான், நான் இருந்த எல்லாரையும் அங்கே அனுப்பினேன், அவன் போய்விட்டான், எல்லாரும் வயலுக்குத் திரும்பினார்கள். ஒரு கணவாயில் ஈட்டிக்காரன் ஒருவனைக் காவலுக்கு வைத்து மறந்துவிட்டேன். இரண்டாயிரத்து அறுநூறு வருடம் கழித்துப் பார்த்தபோது அதே இடத்தில், அதே ஈட்டியோடு நின்றான். அவனைத் தாண்டி என் ரயில் போனது. அவனுக்குப் பசிக்கவில்லை, கால் நோகவில்லை. அதைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரிச் சிலிர்த்தது. காலம் என்பது எவ்வளவு பெரியது, அதில் ஓர் ஆள் எவ்வளவு சின்னவன் என்பதை ஒரு கண்ணாடித் தட்டில் காட்டிவிட்டார்களே என்று.

ஜெயித்தேன். ஜெயித்ததோடு நிற்காமல், ஐந்து யுத்தம் நடத்தி ஐந்திலும் தோற்காதவன் என்று ஒன்பதாம் நாள் காலைச் சாப்பாட்டில் சொன்னேன். மகள் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் பல் தெரியச் சிரித்தாள்.

"அது யுத்தம் இல்லப்பா. அதுல நீங்க தோட்டந்தான் நடத்துனீங்க. நடுவுல கொஞ்சம் சண்ட வந்துச்சு. யுத்தம் வேணுமா? வாங்க காட்டுறேன்."

மற்றொரு விளையாட்டைத் திறந்தாள். இதில் இருட்டு இல்லை. முழு வரைபடமும் முதலிலேயே விரிந்து கிடந்தது, நில அளவைக்காரர்களின் படம் போல உயரக் கோடுகளோடு. தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள். அகலத்தில் நாற்பத்தாறு, நீளத்தில் முப்பத்தெட்டு, ஆக ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தெட்டு. என் பக்கம் அறுபத்து மூன்று பட்டாளங்கள், அதற்கு மேல் எப்போது எத்தனை வரும் என்று முன்பே எழுதிய ஒரு பட்டியல். நான் எதையும் கட்ட முடியாது. ஒரு பள்ளிக்கூடம், ஒரு வயல், ஒரு குடிசை கூட. ஊர்கள் இருந்தன, ஆனால் லாரிகள் கடந்துபோகும் சந்திகளாக மட்டும். ஒரு முறைக்கு அரை நாள். மொத்தம் இருபத்து நாலு முறை, அதாவது பன்னிரண்டு நாள். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பன்னிரண்டு நாளும் ஓர் ஆற்றுப் பாலத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

ராஜ்ய விளையாட்டில் நாலாயிரம் வருடம் ஓடிய அதே மடிக்கணினியில் பன்னிரண்டு நாள். சின்ன விஷயம் என்று நினைத்தேன். ஒரு பட்டாளத்தின் மேல் சுட்டியை வைத்ததும் எண்கள் விரிந்தன. ஆட்கள் எத்தனை, தோட்டா எத்தனை நாளைக்கு, சாப்பாடு எத்தனை நாளைக்கு, மனத்திடம் எவ்வளவு. கடைசியில் களைப்பு என்று ஓர் எண். பூச்சியத்திலிருந்து நூறு வரை. அரை நாளில் ஒரு கட்டத்துக்கு மேல் நடந்தால், சமதரையில் கட்டத்துக்குக் களைப்பு இரண்டு ஏறியது. உயரக் கோடுகளைக் கடந்து மேலே நடந்தால் ஐந்து. மழையில் மேலே நடந்தால் ஒன்பது. நான் திறந்த வாயை மூடவில்லை. இதை எழுதியவருக்குக் கால் வலித்திருக்க வேண்டும். மழை நாளில் முதுகில் ஈரக் கொழுந்தோடு மலையேறும் பெண் எவ்வளவு களைத்துப் போகிறாள் என்பதை நான் வாழ்நாளெல்லாம் பார்த்தேன். எடை போட்டது கொழுந்தை மட்டும்தான். களைப்பையும் எடை போட்டு எண் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நிஜ யுத்தத்தை நான் பார்த்தவன் அல்ல. அது நடந்த காலத்தில் எனக்குத் தெரிந்தது, பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டுவது. கூப்பிடும்வரை நிற்பது, போகச் சொன்னால் போவது. துப்பாக்கி பிடித்து நிற்கும் பையனுக்கும் களைப்பு இருந்திருக்கும் என்று இந்தத் திரையைப் பார்த்துத்தான் முதல்முறை நினைத்தேன்.

முதல் நாள் ஒன்பதாவது முறையில் பாலம் போனது. இரண்டாம் தடவை பதினொன்றில். மூன்றாம் தடவை எட்டில். எனக்கு விளங்கவில்லை. ஒரு பட்டாளத்தையும் நான் வீணாக்கவில்லை. அறுபத்து மூன்றையும் ஆற்றின் வளைவு நெளிவெல்லாம் நிரை பிடித்து நிறுத்தியிருந்தேன், கட்டத்துக்கு ஒன்றாக, இடைவெளி விடாமல். மகள் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பின்னால யாருப்பா நிக்கிறாங்க?"

"ஒருத்தரும் இல்ல. எல்லாரும் வேலையில இருக்காங்க."

"அதான் தோத்தீங்க. சும்மா நிக்க ஆளு வேணும்."

சும்மா நிற்பவனால் என்ன பிரயோசனம் என்று கேட்டேன். அவள் ஒவ்வொரு பட்டாளத்தின் மேலும் சுட்டியை மெதுவாக வைத்துக் களைப்பு எண்ணைக் காட்டிக்கொண்டே போனாள். எண்பத்து நாலு. எழுபத்தொன்பது. தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. அத்தனை பேரும் எழுந்து நிற்கும் சவங்கள். எதிரி ஒரு கட்டத்தில் வந்து மோதியிருக்கிறான். அங்கே அனுப்ப, கால் ஊன்ற முடிந்தவர் ஒருவரும் எனக்கு மிஞ்சவில்லை.

இது அவள் வந்த ஐம்பத்து மூன்றாவது நாள். இரண்டு நாள் கழித்து நான் குளித்துக்கொண்டிருந்தபோது டீமேக்கர் போன் செய்திருக்கிறார். எடுத்தது மகள். முதலாம் திகதி சரியாக ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், மேசை ஒழித்து வைத்தாயிற்று என்று அவர் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பேர் போட்டுட்டீங்களாப்பா?"

வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, உட்கார்ந்து பார்க்கும் வேலை, அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள் என்று அடுக்கினேன். ஐம்பத்தைந்து நாள் ஆயிற்று, இன்னும் எத்தனை நாள் என்றும் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. அவள் சத்தம் போடவில்லை.

"கவ்வாத்துக்கு முன்னால வேர வெட்டி அயடின் ஊத்திப் பாப்பீங்களே. கறுக்கலன்னா தொரையே வந்து நின்னாலும் கத்திய வைக்க விட மாட்டீங்க. எனக்கு ஊத்திப் பாத்தீங்களா?"

எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது உண்மை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் செடியில் இலையே இருக்காது, வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தை வைத்துத்தான் அது மறுபடி துளிர்க்க வேண்டும். அதனால் மலையில் அங்கங்கே வேரில் ஒரு துண்டு வெட்டி அயடின் ஊற்றிப் பார்ப்போம். மாச்சத்து இருந்தால் கறுநீலமாகும். ஆகாவிட்டால் மலையில் கொழுந்தெடுப்பதை நிறுத்திச் சில வாரம் சும்மா விட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் செடி செத்துப்போகும். சின்ன வயதில் அவள் என்னோடு வந்து அந்தத் துண்டு கறுப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஏழாம் நம்பர் மலையை இப்படி ஆறு வாரம் சும்மா விடச் சொல்லி நான் தோட்டத்தை நடத்தும் துரையோடு வாதாடியவன். சும்மா நிற்பதன் பிரயோசனம் எனக்குத் தெரியாமல் இல்லை. செடிக்கு மட்டும் என்று தெரிந்து வைத்திருந்தேன்.

இரண்டு நாள் அவள் வெளியே வந்து உட்காரவில்லை. சாப்பாட்டுக்கு வந்து போனாள். மடிக்கணினி முன்னறையில் இருந்தது. நான் தனியாக யுத்த விளையாட்டைத் திறந்தேன். இந்த முறை பாலத்தை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். மிகக் களைத்த பட்டாளம் ஒன்றை, எண்பத்தொன்றில் இருந்ததை, ஆற்றிலிருந்து எட்டுக் கட்டம் பின்னால் ஒரு சிற்றூரில் நிறுத்தி, அதன் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். அரை நாள் போனதும் எழுபத்தைந்து. அடுத்து அறுபத்தொன்பது. அடுத்த அரை நாள் மழை, அதனால் அறுபத்தாறு. கொஞ்சமாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. எனக்குப் பொறுமை போயிற்று. முன்னால் ஓரிடத்தில் ஆள் தேவைப்பட்டது. இந்தப் பட்டாளத்தை முழுதாக அனுப்ப வேண்டாம், ஒரே ஒரு கட்டம் முன்னால் நகர்த்தி வைப்போம், ஓய்வும் எடுக்கட்டும், கிட்டவும் இருக்கட்டும் என்று நகர்த்தினேன். மழை விட்டிருந்தது. அரை நாள் போனது. எண்ணைப் பார்த்தேன். அறுபத்தாறு. மறுபடி ஒரு கட்டம். அறுபத்தாறு. கொஞ்சம் கொஞ்சமாகக்கூட இல்லை, இறங்குவது அப்படியே நின்றுவிட்டது. அரை வேலை கொடுத்தால் அரை ஓய்வு கிடைக்கும் என்பது என் கணக்கு. அந்த மெஷினின் கணக்கில் அரை ஓய்வு என்று ஒன்றே இல்லை.

அதன்பின் அதை நகர்த்தவில்லை. ஆற்றோரம் இரண்டு இடத்தில் உடைந்தது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். முப்பது, இருபத்து நாலு, பதினெட்டு. பத்தொன்பதாவது முறையில் அந்தப் பட்டாளத்தின் எண் பன்னிரண்டாக இருந்தபோது எதிரி பாலத்தில் கால் வைத்தான். அப்போது அனுப்பினேன். மீதி ஆறு கட்டத்தையும் ஒரே அரை நாளில் நடந்து போனது. மற்ற அறுபத்திரண்டும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த ஒன்று செய்தது. பாலம் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மறுநாள், ஐம்பத்தெட்டாவது நாள், ஸ்டோருக்கு நடந்தே போனேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது காலடி; நடந்தால் எண்ணுவது மலையில் வந்த பழக்கம். டீமேக்கர் கொழுந்தை வாட விடும் தட்டில் ஒரு பிடியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வரமாட்டாள் என்றேன். அவர் கையிலிருந்த கொழுந்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆள் வரலன்னா வீட்டு வாசல்ல வந்து நின்ன கண்டாக்கையாவா இது? ஒங்க மகளுக்கு மட்டும் வேற சட்டமா?"

ஆமாம், எல்லாருக்கும் அந்தச் சட்டமாக இருந்திருக்கலாம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். நல்ல மனுஷன். ஒரு வழி சொன்னார்.

"சரிங்க, முழு நாள் வேணாம். அரப்பேரு போடுவோம். காலையில வந்துட்டு பகலைக்கு வீட்டுக்குப் போயிரட்டும். அந்த மேசைய மொதலாம் தேதிக்கு மேல நான் புடிச்சு வைக்க முடியாதுங்க."

அரைப்பேர் என்றால் அரை நாள் வேலை. ஒரு வாரத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியிருப்பேன். அப்போதும் ஆசை வந்தது, பொய் சொல்லக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை எப்போது காலியாகும், யாருக்குத் தெரியும். அறுபத்தாறு, அறுபத்தாறு என்று தாளில் இரண்டு முறை எழுதியிருந்தது ஞாபகம் வந்தது.

"வேணாம் தம்பி. அரையும் வேணாம்."

திரும்பும்போது காலடிகளை எண்ணவில்லை. வீட்டை அடைந்தபோதுதான் அது தெரிந்தது.

மகளின் அறைக்கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றே சொன்னேன், ஸ்டோரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், அரைப்பேரும் வேண்டாம் என்றேன் என்று. அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"எத்தன நாளைக்குன்னு கேக்கலயா?"

"கேக்கல."

"அந்த மேச போயிரும்ப்பா."

"போவட்டும்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் அசைந்தது. நான் கதவைச் சாத்தவில்லை, உள்ளேயும் போகவில்லை. மனைவி தேநீரோடு வந்து என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முதலாம் திகதி காலை ஏழு மணிக்கு ஸ்டோர் சங்கு ஊதியது. அந்த மேசையில் அன்று வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். செய்தது சரியா என்று இன்றைக்கும் நாளுக்கு நாலு தடவையாவது நினைக்கிறேன். ஆனால் ஒன்பது மணிக்கு மகள் போர்வையோடு முன்னறைக்கு வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் அவள் பாதத்தில் விழுந்தது. நான் யுத்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியிருந்தேன், இருபத்து நாலில் இன்னும் முதல் முறை. ஆற்றின் அந்தப் பக்கம் எதிரி இன்னும் தெரியவில்லை. பின்னால் பன்னிரண்டு பட்டாளங்களை நிறுத்தியிருந்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒரே சீராக வந்தது.

ராஜ்ய விளையாட்டாக இருந்தால் இந்நேரம் திரை அந்தப் பன்னிரண்டு பேரிடமும் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கும், இவருக்கு என்ன வேலை, இவருக்கு என்ன வேலை என்று. இது ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரையும் நகர்த்தாமல் அடுத்த அரை நாளுக்கான பொத்தானை அழுத்தினேன். அது போக விட்டது.